செத்தவர் பேருக்கு வந்த அபராதம்

அப்பா செத்ததற்கு அப்பாவுக்கே அபராதம் போட்டார்கள். இதைச் சொன்னால் இன்றைக்கும் ஆட்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கிறவர்களைக் கண்டால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

எழுபதுகளில் ஒரு சித்திரை மாதம். துறைமுகத்துக்குப் போகிற ரோட்டிலிருந்து பிரியும் தெருவில் எங்கள் வீடு. முன்பக்கம் கருப்பட்டிக் கடை, பின்பக்கம் குடியிருப்பு. அப்பா கடையில் உட்கார்ந்திருந்தபடியே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். திருச்செந்தூரிலிருந்தும் புதுக்கோட்டையிலிருந்தும் சொந்தக்காரர்கள் வந்து சேர வேண்டும். வீட்டுக்குள் ஆள் நிற்க இடமில்லை, வெளியே வெயிலென்றால் அப்படியொரு வெயில். தெருவில் ஓலைப் பந்தல் போட்டு அதன் கீழே அப்பாவைக் கிடத்தினார்கள். சாவு வீட்டிலிருந்து யாராவது முனிசிபாலிட்டிக்கு ஓடிப்போய், ஐயா, பந்தல் போட்டுக்கொள்ளலாமா என்று எழுதிக் கேட்பார்களா? போட்ட பந்தலைப் பதினாறாம் நாள் விசேஷம் முடியாமல் எங்கள் ஆட்கள் பிரிக்கவும் மாட்டார்கள். துக்கம் கேட்க வருகிறவர்கள் அதன் கீழேதான் உட்கார்ந்து எழுந்து போக வேண்டும்.

அந்தப் பந்தலுக்குள்தான் ஒருநாள் முனிசிபாலிட்டி இன்ஸ்பெக்டர் வந்து நின்றார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. தெருவை மறித்துப் பந்தல் போட்டிருக்கிறீர்களே, வீடு யார் பேரில் இருக்கிறது என்று கேட்டார். அப்பாவுக்கு ஆண்பிள்ளை இல்லை. கொள்ளி வைத்த சித்தப்பா மொட்டைத் தலையோடு உட்கார்ந்திருந்தார். யோசிக்காமல் அப்பா பெயரைச் சொல்லிவிட்டார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. பதினாறு கழியாமல் செத்தவர் பெயரை எதிலிருந்தும் எடுப்பது எங்களிடம் வழக்கமில்லை. கடை, வீடு, தராசு எல்லாம் அவர் பேரில்தான் இருக்கும். இன்ஸ்பெக்டரும் எழுதிக்கொண்டு போய்விட்டார். எதிரே மாலை போட்ட படம், அதன் முன்னால் விளக்கு. அந்த ஆளுக்குக் கண் இருந்ததா, அவிந்து போயிருந்ததா?

பிறகு சம்மன் வந்தது. அனுமதியில்லாமல் தெருவை ஆக்கிரமித்த குற்றத்துக்கு அப்பா அபராதம் கட்ட வேண்டும், இல்லாவிட்டால் கோர்ட்டில் ஆஜராக வேண்டும்.

"கட்டித் தொலைச்சிருவோம். இதுக்குப் போயி ஒரு பொம்பளப் பிள்ள கோர்ட்டுப் படி ஏறணுமாக்கும்?" என்றார் சித்தப்பா.

கட்டினால் என்ன அர்த்தம்? தெருவை மறித்தது நான்தான் என்று அப்பாவே ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும். கடைக்கு முன்னால் கருப்பட்டி அடைத்த ஒரு ஓலைக்கொட்டானை வைக்க விடாத மனுஷன் அவர். "எலே, நாலு பேரு நடக்கிற பாதைல்லா? உள்ள தூக்கி வை" என்று சத்தம் போடுவார். அவர் தலையிலா இதைக் கட்டுவது? அந்தப் பேரில் ஒரு சொட்டை விழ விடமாட்டேன் என்று சித்தப்பாவிடம் சொல்லிவிட்டு நான் முனிசிபாலிட்டி ஆபீசுக்குப் போனேன்.

அங்கிருந்த குமாஸ்தா தலையை நிமிர்த்தாமல், "இறந்துட்டாருன்னா இறப்புச் சான்றிதழ் கொண்டாம்மா" என்றார்.

"அது எங்க கிடைக்கும்?"

"அடுத்த ரூம்ல."

அடுத்த ரூமில் இருந்தவர் அது வர நாளாகும் என்றார். நான் திரும்பி வந்து, "எங்கப்பா செத்தத உங்க ஆபீஸ்லதான பதிஞ்சிருக்கோம்? எந்திச்சுப் போயி அந்த ரிஜிஸ்தரப் பாத்தா கொறஞ்சா போவிய?" என்று கேட்டேன்.

"அது சுகாதாரம். இது வேற செக்சன். நான் எப்படிம்மா பாக்க முடியும்?"

"எங்க தெரு முக்குல கட்சி மேடை ரோட்ட அடைச்சுக்கிட்டு நிக்கே, அது எந்த செக்சன்?"

அப்போதுதான் தலையை நிமிர்த்தினார். "எதுக்கும்மா இந்த வீம்பு? கட்டிட்டுப் போவியா!"

வீம்பாம்! இளைத்தவன் வீட்டுச் சாவு என்றால் இவர்களுக்குச் சட்டம் தெரியும். மேடை போட்டவனிடம் போய் வீடு யார் பேரில் என்று கேட்கட்டுமே பார்ப்போம். அங்கே நின்றால் மேஜையைக் கவிழ்த்துவிடுவேன் என்று தோன்றியது. கிளம்பிவிட்டேன்.

கோர்ட்டுக்குக் கிளம்பிய அன்று, அதுவரை வாயே திறக்காத அம்மா, தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு என் பின்னால் இறங்கி வந்தாள். புருஷனைப் பறிகொடுத்தவள் வருஷம் திரும்பாமல் வாசல் தாண்டலாமா என்று அத்தைமார் கத்தினார்கள். அம்மா அவர்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

கோர்ட் வாசலில் டவாலிச் சேவகன் அப்பா பெயரை மூன்று தரம் கூவினான். சின்னவன் பெரியவன் எல்லாரும் அண்ணாச்சி என்று கூப்பிட்ட மனுஷனை வெறும் பெயராக, கழுதையை விரட்டுவது போல. அம்மா முந்தானையைக் கடித்துக்கொண்டாள்.

நான் உள்ளே போய், "அவரு வரமாட்டாரு" என்றேன்.

"ஏன்?" என்றார் மேஜிஸ்ட்ரேட்.

"செத்துப் போயிட்டாரு. அந்தப் பந்தலே அவரு செத்ததுக்குப் போட்டதுதான்."

கோர்ட்டே சிரித்தது. வக்கீல்களும் சிரித்தார்கள், திருட்டுக் கேசுக்கு வந்தவனும் சிரித்தான். மேஜிஸ்ட்ரேட் சிரிக்கவில்லை. இன்ஸ்பெக்டரைக் கூப்பிட்டு நன்றாக டோஸ் கொடுத்தார். "இறந்தவர் மேல் கேஸ் நிற்காது. முடித்துவிடுகிறேன். நீங்கள் போகலாம்" என்றார்.

ஜெயித்துவிட்டோம் என்று நான் திரும்பினேன். அம்மா நின்ற இடத்தை விட்டு அசையவில்லை.

"முடிஞ்சிதுன்னா என்னய்யா?"

"அபராதம் கட்ட வேண்டாம்மா" என்றார் மேஜிஸ்ட்ரேட்.

"அத நான் கேக்கல. தப்புப் பண்ணுன ஆளு செத்துட்டாரு, அதனால விட்டுட்டோம்னுதான எழுதுவிய?"

மேஜிஸ்ட்ரேட் கேஸ் கட்டைத் திரும்ப எடுத்துப் பார்த்தார்.

"பந்தலப் போடச் சொன்னது நான். அவியள வெயில்ல போட எனக்கு மனசு வரல. எம்பேர்ல எழுதுங்க, நான் கட்டுதேன்."

"எம்மா, உனக்கென்ன கிறுக்கா?" என்று கையைப் பிடித்து இழுத்தேன். இத்தனை பேரிடம் மல்லுக்கட்டி ஜெயித்ததைப் போட்டு உடைக்கிறாளே என்று அம்மாமேலேயே ஆத்திரம் வந்தது.

"நீ சும்மா கெட."

வேண்டாம்மா, தேவையில்லை என்று மேஜிஸ்ட்ரேட் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தார். அம்மா போவதாக இல்லை. கடைசியில், சரி, புதிதாக எழுதிக்கொள்ளுங்கள் என்று கோர்ட் குமாஸ்தாவிடம் சொன்னார்.

குமாஸ்தா அம்மா பெயரைக் கேட்டார், அம்மா சொன்னாள். "புருஷன் பேரு?" என்றார்.

அம்மா கல்யாணம் ஆன நாளிலிருந்து அப்பா பெயரை வாயால் சொன்னதில்லை. அவளுக்காக நான் சொல்ல வாயைத் திறந்தேன். அம்மா என் கையை நெரித்தாள்.

"அவிய பேரு இதுல வரக்கூடாதுன்னுதானய்யா இம்புட்டுத் தூரம் வந்து நிக்கேன். எங்க அப்பா பேரச் சொல்லுதேன், அத எழுதிக்கிடுங்க" என்றாள்.

குமாஸ்தா மேஜிஸ்ட்ரேட்டைப் பார்த்தார். அவர் எழுதச் சொல்லித் தலையசைத்தார்.