கடலில் கரைந்த எண்கள்

மயிலாப்பூர் இராமசேஷன் எழுதுகிறேன். பெசன்ட் நகரில் இன்று நடந்த நீச்சல், சைக்கிள், ஓட்டப் பந்தயத்தில் என் தன்னார்வப் பணி குறித்து வதந்தி பரவுமுன் நம் வாட்ஸ்அப் குழுவினருக்கு உண்மையைத் தெரிவிப்பதே நோக்கம்.

வீரர்களின் கையில் எண் எழுதினேன். கொடுத்த மார்க்கரில் எழுத்து திருத்தமாக வராததால் என் மசிப்பேனாவைப் பயன்படுத்தினேன்.

அடுத்தது சைக்கிள் காவல். கையில் எண் இல்லாதவருக்குச் சைக்கிள் தரக்கூடாது என்பது விதி.

கடலிலிருந்து முதலில் ஓடிவந்தவன் என் மனைவியின் தம்பி ரகு.

"எண் எங்கே?"

"அழிஞ்சுடுத்து அத்திம்பேர்! சைக்கிளை விடுங்கோ!"

"விதி எல்லாருக்கும் ஒண்ணுதான்."

பின்னால் வந்தவர்களின் கைகளிலும் எண் இல்லை.

"இன்னா சார், இங்க் பேனாலயா எழுதுன?" என்றார் ஒருவர்.

அமைப்பாளர் வந்து எல்லோரையும் ஒன்றாக அனுப்பினார். ரகு நான்காவதாக முடித்தான்.

கூடத்தில் என் மனைவி அவனோடு தொலைபேசியில் பேசிக்கொண்டிருக்கிறாள். நான் மீறிய விதி எது என்று நீங்கள் எழுதுங்கள். நான் ஓட்டலுக்குச் சாப்பிடச் செல்கிறேன்.