மஞ்சள் ஸ்வெட்டரின் நீளக் கை

திருச்சி வெயிலில் ஸ்வெட்டர் போட்டுக்கொள்ள யாருக்குப் பைத்தியம் பிடித்திருக்கிறது? எடமலைப்பட்டி புதூரில் எங்கள் வீட்டில் மார்கழியிலும் ஃபேன் ஓடும். அப்படிப்பட்ட ஊரில், கைக்குழந்தை அளவில் ஒரு மஞ்சள் ஸ்வெட்டரை வைத்து எங்கள் சொந்தங்கள் ஆடிய ஆட்டத்தை நினைத்தால் எனக்கு இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

அதைப் பின்ன ஆரம்பித்தவள் ஸ்ரீரங்கத்தில் இருந்த பெரியம்மா, அம்மாவின் அக்கா. ஸ்கூலில் கைவேலை வகுப்பில் கற்றுக்கொண்ட பின்னல். அவளும் அம்மாவும் ஒரே சமயத்தில் உண்டாகியிருந்தார்கள். அம்மா வயிற்றில் நான். பிள்ளை பிறக்கும் முன்னே அதற்கென்று துணிமணி சேர்க்கக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். பிறந்த பிறகும் முதலில் பழைய வேட்டித் துணியில்தான் சுற்றுவார்கள். பெரியம்மா அதையெல்லாம் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஒரு கை மட்டும் பாக்கி இருந்தபோது வலி எடுத்துவிட்டது. அடுத்த வாரம் நான் பிறந்து வீடு வந்து சேர்ந்தேன். அவள் பிள்ளை ஆஸ்பத்திரியிலிருந்து வரவே இல்லை.

“முன்னாடியே சட்டை பின்னி வெச்சா வேற என்ன ஆகும்?” என்று என் அத்தை, அப்பாவின் அக்கா, எல்லார் காதிலும் விழும்படி சொன்னாளாம். பழைய வேட்டியில் சுற்றக் காத்திருந்த பிள்ளைகள் எல்லாம் பிழைத்துவிட்டனவா என்று திருப்பிக் கேட்க அங்கே ஒருவருக்கும் வாய் இல்லை. ஸ்வெட்டர் ஊசியோடு பைக்குள் போய்விட்டது.

இதெல்லாம் அம்மா வெகுகாலம் கழித்து எனக்குச் சொன்னது. எனக்கு ஆறு வயதில் தம்பி பிறந்தான், பெரியம்மா அந்தப் பையோடு எங்கள் வீட்டுக்கு வந்தாள், அவ்வளவுதான் அப்போது தெரியும்.

“இப்பதான் புள்ள பொறந்தாச்சே, இனிமே யாரு என்ன சொல்ல முடியும்?” என்றாள் அம்மாவிடம். பாக்கி இருந்த கைக்காகத் தெப்பக்குளம் பக்கம் கடை கடையாக ஏறி இறங்கி நூல் வாங்கியிருந்தாள். பழைய மஞ்சளுக்கும் புது மஞ்சளுக்கும் ஒட்டவே இல்லை.

தொட்டில் போடும் நாளுக்குள் முடித்துவிட வேண்டும் என்று மதியமெல்லாம் பின்னினாள். நான் ஸ்கூல் விட்டு வந்து பையை இறக்கி வைக்க விடமாட்டாள். “கையை நீட்டுடி கண்ணு” என்பாள். தோளிலிருந்து மணிக்கட்டு வரை கம்பளியை வைத்து இழுத்து இழுத்துப் பார்ப்பாள். வேர்வையில் அரிக்கும். எனக்குத்தானே என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். ஒருநாள் கேட்டதற்கு, “தம்பிக்குடி” என்றாள்.

வந்ததே எனக்கு ஆத்திரம்! அந்த வீட்டில் மடி தம்பிக்கு, கொஞ்சல் தம்பிக்கு, ஃபேன் காற்றும் தம்பிக்கு. அரிப்பு மட்டும் எனக்கா?

“அப்ப அவன் கையில வெச்சுப் பாருங்க!” என்று கத்தினேன். பெரியம்மா காதில் விழாதவள்போல் மறுபடி என் கையைப் பிடித்து இழுத்தாள்.

தொட்டில் போடும் அன்று கூடம் முழுக்கச் சொந்தக்காரர்கள். பெரியம்மா பொட்டலத்தை அம்மாவிடம் நீட்டினாள். அதற்குள் அத்தை வாங்கிப் பிரித்து, எல்லாருக்கும் தெரிகிற மாதிரி உதறிக் காட்டினாள். ஸ்வெட்டரின் ஒரு கை அரைச் சாண் இருந்தது. மற்றது நீளமாகத் தொங்கியது.

“இது என்னடி, யானைத் தும்பிக்கையா?” என்றாள் அத்தை. கூடமே சிரித்தது. பிறகு அம்மாவிடம், “ராசியில்லாத துணி. புள்ள மேல படாம எடுத்து வை” என்றாள். அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். அந்த ஒரு குனிவுக்காக அம்மாவிடம் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை.

பெரியம்மா அந்த நீளக் கையையே வெறித்துப் பார்த்தாள். “சரியாத்தானே அளந்தேன்...” என்றாள். இன்னும் சிரித்தார்கள்.

என்னால் பொறுக்க முடியவில்லை. அத்தனை நாள் அரிப்பைத் தாங்கியவள் நான்.

“சிரிக்காதீங்க! அளவு சரியாத்தான் இருக்கு!” என்று கத்தி, அத்தை கையிலிருந்து அதைப் பிடுங்கி, என் கையை உள்ளே நுழைத்தேன். மணிக்கட்டில் கச்சிதமாக வந்து நின்றது.

“ஐயையோ, கழட்டுடி அதை!” என்று அத்தை பதறினாள். சிரிப்பு நின்றுவிட்டது.

பெரியம்மா கிட்டே வந்து என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். தோள்வரை தடவிப் பார்த்தாள்.

“ஆறு வயசுல இவ்ளோ நீளம் வந்திருக்கும்ல?” என்று அம்மாவைக் கேட்டாள். அம்மா வாயைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தாள்.

எனக்கு எரிச்சலாக வந்தது. ஜெயித்தது நான், இவர்கள் எதற்கு அழுகிறார்கள்? பெரியம்மாவின் பிடி வேறு வலித்தது.

“விடுங்க பெரியம்மா, இது என் கை!” என்றேன்.

திடுக்கிட்டு விட்டுவிட்டாள். அதுவரை யாருடைய கையைப் பிடித்திருந்தாள் என்பது அன்று எனக்குத் தெரியவில்லை.