வயித்துப் பாய்

மலைமேல் கோலா தெர்லாவிலிருந்து மலேசியக் கடற்கரைப் பட்டணங்களுக்குக் காய்கறி லோரி ஓட்டிய மாமா கொண்டுவந்த செய்திதான் எங்கள் பந்தயத்தைக் கலைத்துப் போட்டது.

ஞாயிற்றுக்கிழமைகளில் லயத்துப் பிள்ளைகள் தேயிலைத் தொழிற்சாலைக்குக் கீழே இருந்த குளத்தில் இரட்டைப் படகு விடுவோம். முழங்கை நீள மூங்கில் இரண்டு, குறுக்கே குச்சிகள், சாக்குத் துண்டில் ஒரு பாய். எல்லாருக்கும் ஒரே அளவு. கடலில் ஓடும் இரட்டைப் படகுகளுக்கு இப்போது முன்னால் இன்னொரு பாயும் மாட்டுகிறார்களாம், காற்றில் அது பிள்ளைத்தாய்ச்சி வயிறுபோல உப்புமாம் என்றார் மாமா. ஸ்பின்னேக்கர் என்ற பெயர் பிறகு புத்தகத்தில் கிடைத்தது. எங்களுக்கு அது வயித்துப் பாய்.

தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணியின் மகன் மறுவாரமே குடைத்துணியைக் கிழித்து மாட்டிவிட்டான். அவன் படகு பறந்தது. மற்றதெல்லாம் நங்கூரம் போட்டதுபோல நின்றது. சண்டை வந்தது, பேசினோம், நியாயமான முடிவு ஒன்றும் எடுத்தோம்: எல்லாப் படகுக்கும் வயித்துப் பாய் வேண்டும், இல்லாதது சேராது.

“ரூல் எல்லாருக்கும் ஒன்னுதான்லா. பாய் இல்லன்னா நீ கரையில நின்னு கை தட்டு,” என்றான் கிராணி மகன் என்னிடம். படகு விட்டவர்களில் நான் ஒருத்திதான் பெண்.

சாக்கு கனத்தது. காகிதம் மூடுபனியிலேயே கூழானது. மாவுமூட்டைத் துணி தண்ணீர் குடித்துத் தொங்கியது. சனிக்கிழமையும் வந்துவிட்டது.

அம்மாவுக்குக் களைமருந்து அடிக்கும் வேலை. முதுகில் சுமக்கும் பம்பு மூடியோரம் கசியும் என்பதால் தோட்டத்தில் மெல்லிய நைலான் கோட்டு ஒன்று கொடுத்திருந்தார்கள். அன்று என் முகத்தைப் பார்த்தவள், கோட்டை அலசி, முதுகுப் பக்கத்தை மட்டும் கத்தரித்துக் கொடுத்தாள். அவள் முதுகோடு வளைந்து பழகிய துணி. தைக்காமலே வயிறு கிடைத்துவிட்டது என்று குதித்தேன்.

“கங்காணி ஏச மாட்டாராம்மா?”

“முன்பக்கம் இருக்குல்ல. பின்னால பம்பு மறைச்சுக்கும். யாரு பாக்கப் போறா?”

முன்பாய் இழுத்தால் படகின் மூக்கு தண்ணீரில் குத்தும். அதற்காகப் பின்னால் கூழாங்கல் கட்டினேன். குடைத்துணியை முந்திக்கொண்டு என் படகு அக்கரையில் முட்டியது. அம்மா மேட்டில் நின்று கை தட்டினாள்.

சில வாரம் கழித்து ஒரு மாலை, தேங்காயெண்ணெயை எடுத்துவரச் சொல்லி முதுகைக் காட்டினாள். தோளிலிருந்து இடுப்புவரை தோல் வெந்து உரிந்திருந்தது.

“சூட்டுக் கொப்புளம்தான். தடவு.”

எதற்கும் ஏன், எப்படி என்று துளைத்தெடுப்பவள் நான். அன்று எண்ணெய் தடவியபடியே, இன்னும் பெரிய பாய் மாட்டினால் என்ன ஆகும் என்று அவளிடம் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தேன். ஸ்வெட்டர் இல்லாமல் வாசலைத் தாண்ட முடியாத அந்த மலையில் சூடு எங்கிருந்து வந்தது என்று மட்டும் கேட்கத் தோன்றவில்லை.