உட்கார்ந்து கேட்ட ரெக்கோட்

எங்கள் ரப்பர் தோட்டத்து லயத்து வரிசை வீடுகளில் அப்போது சவுண்ட் செட் வைத்திருந்தது நான் ஒருத்திதான். குவைத்தில் வீட்டு வேலை செய்துவிட்டு வந்த கையோடு வாங்கியது. இரண்டு பக்கமும் இடுப்பு உயரத்துக்கு ஸ்பீக்கர், நடுவில் கெசட், சீடி எல்லாம் இருக்கும். அதற்கென்று பூப்போட்ட துணி தைத்து மூடி, சாமிப் படத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்தேன். பெருமையா என்று கேட்டால், ஆமாம், பெருமைதான். என் உழைப்பு, நான் ஏன் அடக்கி வாசிக்க வேண்டும்?

அப்பா, தோட்டத்து மேனேஜர் துரையின் பங்களாவில் சமையல்காரர், தோட்டத்தில் அப்பு என்பார்கள். சமையல் முடிந்தால் சாயங்காலம் துரைக்கு ரெக்கோட் போடுவதும் அவர் வேலைதான். ஊசியை இறக்கிவிட்டுக் கதவோரமாய்க் கைகட்டி நிற்பார். ஒரு பக்கம் முடிந்ததும் வந்து திருப்பிப் போடுவார், மறுபடி கதவோரம். எத்தனையோ வருசம் இப்படியே போனது. துரை வேலையை விட்டுப் போகும்போது அந்த ரெக்கோட் பிளேயரையும் ஒரு பெட்டி ரெக்கோட்டையும் அவருக்கே கொடுத்துவிட்டார்.

அப்பா அதைச் சாக்கில் சுற்றித் தலையில் சுமந்துகொண்டு வந்து என் வீட்டுக் காம்பராவில் இறக்கினார்.

"இத ஒஞ் செட்டுல மாட்டிக் குடும்மா. ஒரு தடவ ஒக்காந்து கேக்கணும்."

அப்பா வாய் திறந்து எதையும் கேட்கிற ஆள் இல்லை. நான் குவைத் போகும்போதுகூட ஒரு டார்ச் லைட் கேட்டாரில்லை. தீபாவளிக்குள் மாட்டித் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். லயம் முழுக்கவும் சொல்லி வைத்தேன்.

மாட்டிப் பார்த்தால் தட்டு சுற்றவில்லை. கையால் சுற்றினால் ஸ்பீக்கரில் கொசு பாடுகிறது. தூக்கிக்கொண்டு கரவனெல்லை டவுனுக்குப் போனேன். அங்கே ரேடியோ திருத்துகிற சிங்களப் பையன் ஒருவன் கடை வைத்திருந்தான். ஊசியிலிருந்து வருகிற சத்தம் மெல்லியது, அதைக் கூட்டிவிட நடுவில் ஒன்று வேண்டும் என்று சொல்லி, தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய பெட்டி ஒன்றைக் கொடுத்தான். தட்டைச் சுற்றுகிற ரப்பர் பெல்ட் உருகிக் கரிப்பிசினாகிக் கிடந்தது. கொழும்பிலிருந்து எடுத்துத் தரவா என்றான். ரப்பர் தோட்டத்துக்காரியிடம் ரப்பர் விற்கப் பார்க்கிறாயா என்று சிங்களத்திலேயே கேட்டுவிட்டு வந்தேன்.

என் புருசன் ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவர். விடிகாலையில் வெட்டிய நல்ல பாலாக ஒரு சிரட்டை கொண்டுவந்தார். தட்டத்தில் ஊற்றி, அசிட் சொட்டு விட்டு உறைய வைத்து, போத்தலால் உருட்டி, அடுப்புக்கு மேல் புகையில் காய வைத்தேன். பெரிய பிஸ்கட் டின் மூடி ஒன்று, சின்ன மூடி ஒன்று, இரண்டுக்கும் நடுவே பிளேடால் வளையமாக அறுத்தேன். ஒட்டுப் போடாத பெல்ட். அக்கம்பக்கத்துக்கெல்லாம் காட்டினேன்.

தீபாவளியன்று பலகாரத் தட்டோடு லயமே வாசலில் கூடிவிட்டது. அப்பா வேட்டி கட்டி வந்தார். ஊசி இறங்கியது, ஒரு பெண் கணீரென்று பாடினாள். பெருமையில் என் தலை கூரையில் முட்டியது. நான்கு வரி போனதும் அந்தப் பெண்ணுக்குத் தூக்கம் வந்தது. அப்புறம் ஆம்பளைக் குரல் வந்தது. அதற்கப்புறம் எருமை கத்தியது. என் பெல்ட் வெந்த நூடில்ஸ் கணக்காய் நீண்டு தொங்கிக்கொண்டிருந்தது.

"தீவாளிக்குக் குடிச்சிட்டு பாடுறா போல" என்றாள் பக்கத்துக் காம்பராக்காரி. சிரிப்பு அடங்கவே இல்லை. அப்பா மட்டும் சிரிக்கவில்லை. ரெக்கோட்டை எடுத்துத் துடைத்து உறைக்குள் போட்டுவிட்டு, "பரவால்லம்மா" என்று போய்விட்டார். அந்தப் 'பரவால்ல' என்னை விட்டுப் போகவில்லை.

மறுபடி கரவனெல்லை. பையன் என் வளையத்தை இழுத்துப் பார்த்தான். "அக்கே, மேக அமு ரப்பர் நே" என்றான். அதாவது இது பச்சை ரப்பராம், இழுத்தால் போகும், திரும்பி வராது. கந்தகம் சேர்த்து வேகவைத்தால்தான் பெல்ட்டாகுமாம். எங்கள் வம்சமே பாலில் கை நனைத்தது. அந்த மீதி வேலை நடக்கிற இடத்தை எங்களில் யாரும் பார்த்ததில்லை. அவன் மேசை லாச்சியைத் திறந்து கறுப்பு பெல்ட் ஒன்றை எடுத்தான். நான் வருவேன் என்று தெரிந்து ஏற்கெனவே எடுத்து வைத்திருக்கிறான். வாயாடாமல் வாங்கிக்கொண்டேன்.

இந்தத் தடவை யாருக்கும் சொல்லவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அப்பாவை மட்டும் கூப்பிட்டேன். வந்தார், ஊசியை இறக்கினார், அதே பெண் கணீரென்று பாடினாள், கடைசி வரி வரைக்கும் பெண்ணாகவே பாடினாள். திரும்பிப் பார்த்தால் அப்பா கதவோரமாய்க் கைகட்டி நிற்கிறார்.

எனக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தது. நாற்காலியை இழுத்துச் செட்டுக்கு நேரே போட்டேன். "ஒக்காருங்கப்பா. இது ஒங்க மக வீடு."

நுனியில்தான் உட்கார்ந்தார். பாட்டுப் போகப் போகக் கொஞ்சம் கொஞ்சமாய்ப் பின்னால் சாய்ந்தார், கண்ணை மூடினார். அந்தப் பக்கம் முடிந்து ஊசி கரகரத்தது. பழக்கத்தில் எழுந்திருப்பார் என்று நான் முந்திக்கொண்டு போனேன்.

அப்பா அசையவில்லை. கண்ணைத் திறக்காமலே சொன்னார்: "திருப்பிப் போடும்மா."