தண்ணீர் லாரிக்குள் டிரம்பெட்

டிரம்பெட் ஊதுகிறவனுக்கு விரலைப் பற்றிக் கவலையில்லை. மாதக்கணக்கில் தொடாமல் விட்டாலும் வால்வின் மேல் வைத்தால் அது தானாக ஓடும். உதடுதான் துரோகி. சில நாள் ஊதாமல் விட்டால் தளர்ந்துவிடும். பிறகு மேலே ஏறவேண்டிய இடத்தில் ஸ்வரம் வராது, வெறும் காற்று வரும். பக்கத்தில் நிற்கிறவன் திரும்பிப் பார்ப்பான்.

அந்த வருடம் என் உதட்டுக்கு நேரம் தேடி அலைந்தேன். கிடைக்காத கோபத்தில் எல்லோரிடமும் எரிந்து விழுந்தேன்.

தாம்பரத்தில் ஒரு பேண்டு செட்டில் இரண்டாம் வரிசையில் ஊதிக்கொண்டிருந்தேன். முகூர்த்த நாளிலும் எப்போதாவது ஒரு சாவுக்கும்தான் அந்த வேலை. முதல் டிரம்பெட் ஊதியவர் வளைகுடாவுக்குப் போய்விட்டார். பாட்டின் மெட்டை எடுத்துச் செல்கிறவன் முதல் டிரம்பெட்காரன். மற்றவர்கள் அவன் பின்னால் போவார்கள். ஊர்வலத்தில் முன்னால் நிற்பவனும் அவன்தான். கார்த்திகை மாதம் பேண்டு மாஸ்டர் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்: "மார்கழில கல்யாணம் கெடையாது. எல்லாரும் சும்மாதான் இருப்பாங்க. மாசக் கடைசில வா, கேக்குறேன். தேறினீன்னா தையிலேர்ந்து நீதான் ஃபர்ஸ்ட்டு."

எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். ஓட்டலில் இலை எடுத்தேன், லாரியில் கிளீனராக ஆந்திரா வரை போனேன், மார்க்கெட்டில் மூட்டை தூக்கினேன். ஓர் ஊரில் ஒரு வருடம் தங்கியது அதிகம். அப்படித் தங்கிய ஓர் ஊரில் ஒரு பேண்டு செட்டுக்குப் பெட்டி தூக்கப் போனபோதுதான் டிரம்பெட் என் கையில் வந்தது. எதிலும் முதல் ஆளாக நின்றதில்லை. இதில் நிற்கவேண்டும் என்று நினைத்தேன். வேறு காரணம் எதுவும் கிடையாது.

பிழைப்புக்குத் தண்ணீர் லாரி ஓட்டினேன். மழை ஏமாற்றிய வருடம் அது. பள்ளிக்கரணை தாண்டி ஒரு விவசாயக் கிணற்றில் நிரப்பிக்கொண்டு வேளச்சேரி, மடிப்பாக்கம் அடுக்குமாடி வீடுகளில் இறக்கவேண்டும். விடிவதற்கு முன்னால் வண்டியை எடுத்தால் இருட்டும்வரை ஓட்டம்தான். என் மனைவி சானடோரியம் பக்கம் ஒரு துணி ஏற்றுமதிக் கம்பெனியில் தைத்துக்கொண்டிருந்தாள். வாரத்துக்கு ஒரு ஷிப்ட் மாறும். மூன்று வயது மகளை அவளுடைய அக்கா வீட்டில் விடுவதும் கூட்டி வருவதும் யாருக்கு எப்போது முடியுமோ அவர் வேலை. லாரி நிற்கும் நாளில் குழந்தை என்னோடு இருக்கும். டிரம்பெட்டை எடுத்தால் மவுத்பீஸைப் பிடுங்கித் தன் வாயில் வைத்துக்கொள்ளும்.

குழந்தை தூங்கினாலும் வீட்டில் ஊத முடியாது. வரிசையாக ஐந்தாறு வீடுகள் கட்டி வாடகைக்கு விட்டிருந்த வீட்டுக்காரம்மா முதல் வீட்டில் இருந்தார். குடி வந்த அன்றே என் கையிலிருந்த பெட்டியைப் பார்த்துவிட்டார்.

"பேண்டு வாத்தியமா?"

"ஆமாம்மா."

"சாவுக்குப் போறதா, கல்யாணத்துக்குப் போறதா?"

"ரெண்டுக்கும் போறதுதான்."

"அப்ப வெளியவே ஊதிட்டு வந்துடு. சாவு வூட்டுல ஊதினத இங்க ஊதினா இங்கயும் ஒண்ணு வுழும். எங்க வூட்டுக்காரருக்கு ஏற்கெனவே சுகர்."

அவர் கணவர் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து இரண்டு வடையைத் தின்றுகொண்டிருந்தார். சர்க்கரையை விட்டுவிட்டு என் டிரம்பெட்டைப் பிடித்துக்கொண்டார்கள்.

வெளியே என்றால் எங்கே? பல்லாவரம் கல்குவாரிக்குப் போனேன். குடிக்க வந்தவர்கள் சினிமாப் பாட்டு கேட்டார்கள். மறுத்தால் சண்டைக்கு வந்தார்கள். சதுப்பு நில ஓரத்தில் நின்று பார்த்தேன். குப்பைமேட்டுப் புகை தொண்டையில் இறங்கி, நீளமாக ஒரு ஸ்வரம் பிடிக்குமுன் இருமல் வந்தது. கிணற்றடியில் லாரி நிரம்பும் நேரத்தில் வயல்பக்கம் போய் ஊதினேன். மாடு மிரண்டு பாலை அடக்கிக்கொள்கிறது என்று கிணற்றுக்காரர் வந்தார். "பேஜார் பண்ணாதபா. தண்ணி புடிக்க வந்தியா, வித்த காட்ட வந்தியா?" அந்த மாடு பக்கத்திலேயே நாள் முழுக்க மோட்டாரும் லாரிகளும் ஓடுவதைக் கேட்டுக்கொண்டு நிற்கும். அதற்கெல்லாம் பால் அடங்கவில்லை.

கார்த்திகை முடிந்தது. என் உதடு தேறவில்லை. ஒருநாள் கிணற்றடியில் லாரி வரிசையில் நிற்கும்போது என் காலி டேங்கின் மூடி திறந்திருந்தது. மேலே ஏறி எட்டிப் பார்த்தேன். உள்ளே துரு வாசனையும் குளிர்ச்சியும். யாருக்கும் கேட்காது, யாரும் கேட்கமாட்டார்கள். காலைக் கழுவிக்கொண்டு டிரம்பெட்டோடு உள்ளே இறங்கினேன்.

அப்படி ஓர் ஓசையை நான் கேட்டதில்லை. ஊதிய ஸ்வரம் நான்கு பக்கமும் மோதித் திரும்பி என் காதிலேயே விழுந்தது. தப்பாக ஊதினால் தப்பு பல மடங்காகத் திரும்பும். ஒளிந்துகொள்ள முடியாது. அன்றிலிருந்து வரிசையில் நிற்கும் நேரமெல்லாம் டேங்குக்குள்தான் இருந்தேன். மேலே வட்டமாக வானம் தெரியும். அதைப் பார்த்துக்கொண்டு மேல் ஸ்வரத்தைப் பிடித்துப் பிடித்து விட்டேன். உதடு இறுகத் தொடங்கியது. குடிக்கிற தண்ணீர் போகும் வண்டிக்குள் இறங்கலாமா என்று கேட்பவர்களுக்கு: அந்த டேங்குக்குள் நான் பார்த்தவற்றில் நான்தான் சுத்தமானவன்.

மார்கழியில் ஒரு காலை என் வண்டி குழாயின் கீழ் போய் நின்றபோது கரண்ட் போய்விட்டது. மோட்டார் ஓட்டுகிறவர் டீ குடிக்கப் போனார். கரண்ட் வர நேரமாகும் என்று நான் உள்ளே இறங்கினேன். டேங்கின் நடுவே இருக்கும் தடுப்புத் தகட்டைத் தாண்டிப் பின்பக்கம் போய் ஊதிக்கொண்டிருந்தேன். அவர் திரும்பி வந்து, கரண்டுக்குக் காத்திராமல் அவசரத்துக்கு வைத்திருந்த டீசல் எஞ்சினைப் போட்டிருக்கிறார். அந்தச் சத்தத்தில் நான் ஊதியது கேட்கவில்லை. நானும் டீக்கடையில் இருப்பதாக நினைத்து, எனக்கு உதவியாக ஏறி, எட்டிப் பார்க்காமல் தண்ணீர் வரும் ரப்பர் ஓஸை மூடிக்குள் போட்டுவிட்டு இறங்கிவிட்டார்.

தண்ணீர் விழுந்த வேகத்தில் வெளிச்சமே போய்விட்டது. மூடிக்குக் கீழே இருந்த இரும்புப்படியில் கால் வைத்தேன். தலைமேல் தண்ணீர் அடித்து வழுக்கி விழுந்தேன். இரண்டாம் முறையும் விழுந்தேன். ஓஸைப் பிடித்துத் தள்ளிவிட்டு ஏறியிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. அப்போது தோன்றவில்லை. தண்ணீர் முழங்காலைத் தாண்டி இடுப்புக்கு வந்தது. கத்தினேன். ஊதினேன். நான் அவ்வளவு நாள் பாடுபட்ட மேல் ஸ்வரம் பளிச்சென்று வந்தது, யாருக்கும் கேட்கவில்லை. கடைசியில் டிரம்பெட்டைத் தலைகீழாகப் பிடித்து டேங்கின் சுவரில் அடித்தேன். அடிக்க அடிக்க அதன் அகன்ற வாய் மடங்குவது கையில் தெரிந்தது. நிறுத்தாமல் அடித்தேன்.

பின்னால் நின்ற லாரிக்காரருக்கு அந்த டங் டங் கேட்டிருக்கிறது. எஞ்சின் நின்றது. மோட்டார்க்காரர் முகம் வட்ட வானத்தில் தெரிந்தது.

"யோவ், உள்ள இன்னாயா பண்ற?"

"குளிக்கிறேன். ஓஸை எட்றா."

லாரி முதலாளி மடிப்பாக்கத்தில் ஹார்டுவேர் கடை வைத்திருந்த பாய். நனைந்துபோய் நின்ற எனக்குக் கடையில் மாட்டியிருந்த தன் சட்டையைக் கொடுத்துவிட்டுத் திட்டத் தொடங்கினார்.

"நீ செத்திருந்தா என் வண்டி ஸ்டேஷன்ல நின்னு துருப்புடிச்சிருக்கும். தெரியுமா உனக்கு?"

"தெரியும் பாய்."

"நீ குளிச்ச தண்ணிய இப்ப எவன் குடிப்பான்? கட்டட வேலைக்கு வுடு. இனிமே அந்தப் பீப்பிய வண்டில பாத்தேன், சாவியக் குடுத்துட்டுப் போயினே இரு."

எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை என்று சொன்னால் பொய். ஆனால் சட்டையைக் கொடுத்துவிட்டுத் திட்டுகிறவரை என்ன சொல்வது.

வீட்டில் நடந்தது வேறு. மனைவி அன்று மதிய ஷிப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். நான் சொல்லி முடிப்பதற்குள் கையிலிருந்த துண்டால் முதுகில் ரெண்டு போட்டாள். "புள்ளைய வச்சிக்கினு டேங்குக்குள்ள போயி சாவறதுக்கா என்னைக் கட்டிக்கினு வந்த?" பிறகு டிரம்பெட்டைக் கையில் வாங்கிப் பார்த்தாள். அதன் வாய் ஒரு பக்கம் காய்ந்த இலைபோல உள்ளே மடங்கியிருந்தது. "இது இனிமே ஊதுமா?" என்றாள். ஊதும் என்றேன். வாய் நசுங்கினாலும் குழாய் நசுங்கவில்லை.

அவள் டிரம்பெட்டோடு நேராக முதல் வீட்டுக்குப் போனாள். நான் பின்னால் போனேன்.

"யக்கா, உள்ள ஊதினா சாவு வுழும்னீங்க. வெளிய ஊதப் போயிதான் இன்னிக்கு இவருக்கு வுழ இருந்துச்சு. இனிமே உள்ளதான் ஊதுவாரு."

வீட்டுக்காரம்மா நசுங்கிய டிரம்பெட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அப்ப வேற வூடு பாத்துக்கோ."

"பாத்துக்கறோம். வூடு கெடைக்கற வரைக்கும் ஊதுவாரு."

ஊதினேன். லாரிக்குப் போகுமுன்னும் வந்த பிறகும், குழந்தையை மடியில் வைத்துக்கொண்டும் ஊதினேன். பக்கத்து வீட்டுக்காரர்கள் சுவரைத் தட்டினார்கள். தட்டட்டும் என்று விட்டேன். அவ்வளவு கோபமாக நான் ஒருபோதும் பயிற்சி செய்ததில்லை. வீட்டுக்காரம்மாவின் கணவர் மட்டும் ஒருநாள் என்னிடம், "காலையில ஊதினியே, அது நல்லாருந்துச்சுபா" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு உள்ளே பார்த்துக்கொண்டார்.

மாதக் கடைசியில் மாஸ்டரின் கொட்டகையில் ஊதிக் காட்டினேன். மேல் ஸ்வரம் தடுமாறவில்லை. அவர் கண்ணை மூடிக் கேட்டார். கண்ணைத் திறந்ததும் டிரம்பெட்டைப் பார்த்தார்.

"ஊத நல்லாத்தான் ஊதுற. ஆனா இத்த எடுத்துக்கினு முன்னாடி நின்னா காயலாங்கடைலேர்ந்து செட்டு வந்துகீதுன்னுவான். வீடியோ எடுக்கறாங்கபா. நீ பின்னாடி நின்னு ஃபர்ஸ்ட்டு ஊது. என் அக்கா புள்ள முன்னாடி நிப்பான்."

அக்கா பிள்ளையிடம் பளபளவென்று புது டிரம்பெட் இருந்தது. ஆளும் உயரம், சிவப்பு. ஊதத்தான் தெரியாது. என்னுடையதன் நசுங்கலைத் தட்டி எடுக்க நல்ல ஆளிடம் காசு கொடுக்கவேண்டும். புது வீட்டுக்கு முன்பணம் கட்டியதில் அதற்கு வழியில்லை. சரி என்றேன். வெளியே வந்து லாரி டயரை ஓங்கி உதைத்தேன். கால்தான் வலித்தது.

தையில் முதல் முகூர்த்தம். மேற்குத் தாம்பரத்தில் மாப்பிள்ளை அழைப்பு. ஜெனரேட்டர் வண்டி, டியூப்லைட், நடுவில் பூ ஒட்டிய கார். அக்கா பிள்ளை முன்னால் நின்று கன்னத்தை உப்பி, தலையை ஆட்டி, விரலைத் தாளத்துக்கு ஏற்ப அமுக்கினான். வீடியோக்காரன் அவனைச் சுற்றிச் சுற்றி வந்தான். டிரம்காரனுக்குப் பின்னால், லைட் விழாத இடத்தில் நின்று நான் ஊதினேன். மார்க்கெட் முனை வந்ததும் ஊர்வலத்தை நிறுத்தி ஒரு பாட்டை முழுசாக வாசிப்பது வழக்கம். அங்கே எல்லோரும் ஆடுவார்கள். அந்தப் பாட்டின் நடுவில் டிரம்பெட் தனியாக மேலே ஏறும். டேங்குக்குள் நான் பழகியது அந்த இடத்தைத்தான்.

அந்த இடம் வந்தது. நான் டிரம்பெட்டை உதட்டிலிருந்து எடுத்துவிட்டேன்.

டிரம் மட்டும் போய்க்கொண்டிருந்தது. அக்கா பிள்ளை கன்னம் உப்ப, கண் பிதுங்க, விரலை அமுக்கிக்கொண்டே நின்றான். சத்தம் இல்லை. ஆடிக்கொண்டிருந்த மாப்பிள்ளையின் மாமா ஒருவர் அவன் முகத்துக்குக் கிட்டே போய்ப் பார்த்தார்.

"இன்னாடா இது, கன்னம் மட்டும் உப்பிகினு கீது. பாட்டு எங்கடா?"

கூட்டம் சிரித்தது. மாஸ்டர் திரும்பி என்னைப் பார்த்த பார்வை இன்றைக்கும் நினைவிருக்கிறது. நான் கிளாரினெட்காரரை விலக்கிக்கொண்டு, டிரம்மைச் சுற்றி, லைட்டுக்குள் நடந்து வந்தேன். அக்கா பிள்ளையிடம் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவனே ஒதுங்கினான். "நீயே நில்லுணா. எனக்குக் கன்னம் வலிக்குது" என்றான்.

விட்ட இடத்திலிருந்து எடுத்தேன். ஏறவேண்டிய இடம்வரை ஏறினேன். வீடியோக்காரன் கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேமராவை என் பக்கம் திருப்பினான். யாரோ ஒருவரின் கல்யாண வீடியோவில் அந்த நசுங்கிய வாய் இன்னும் இருக்கும்.

ஊர்வலம் முடிந்ததும் மாஸ்டர் என் கூலியை டிரம்காரன் கையில் கொடுத்தனுப்பினார். பெட்டியை மூடிக்கொண்டு கிளம்பினேன். புது வீடு பெருங்களத்தூரில், தண்டவாளத்தை ஒட்டி. ரயில் போகிற சத்தத்தில் அங்கே யார் என்ன ஊதினாலும் கேட்க ஆளில்லை.

அடுத்த முகூர்த்தத்துக்கு மாஸ்டரிடமிருந்து ஆள் வந்தது. போனேன். எங்கே நிற்கவேண்டும் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. முன்னால் போய் நின்றேன்.