தங்கமான மனுஷங்க

அந்தச் சலவைக் கடையில் மூன்று பேர் வேலை செய்தார்கள், வாய் மட்டும் ஒருத்திக்குத்தான். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் பிழைக்க வந்த ஊரின் மொழியில் வணக்கம், நன்றி, வெள்ளிக்கிழமை, இந்த மூன்றுதான் வரும். துணி எப்போது கிடைக்கும் என்று யார் கேட்டாலும் அப்பா வெள்ளிக்கிழமை என்பார். மற்றதெல்லாம் மகள் பாடு. ஏழு வயதில் முக்காலி மேல் ஏறி நின்று பேச ஆரம்பித்தவள்.

எட்டு வயதில் முதல் பொய். வெள்ளைச் சட்டையில் கறை போகவில்லை என்று ஒரு டீச்சர் வந்து, உங்களையெல்லாம் இந்த ஊருக்கு யார் வரச் சொன்னது என்று கத்தினாள்.

"என்ன சொல்றாங்க பாப்பா?"

"கறை கொஞ்சம் இருக்காம்ப்பா. பரவாயில்லையாம்."

அப்பா நெஞ்சில் கை வைத்து நன்றி சொன்னார். இந்த ஊரில் எல்லோருக்கும் குரலே அப்படித்தான் என்று மகள் பிறகு விளக்கமும் கொடுத்தாள். அப்பா ஒன்றும் முட்டாள் இல்லை. நம்ப ஆசைப்படுகிறவரை நம்பவைப்பது பெரிய வித்தையா என்ன? எட்டு வருஷம் அந்த வேலையைத்தான் பார்த்தாள். வசவுகளை உள்ளே வாங்கி, இஸ்திரி போட்டு, மடித்து அப்பா கையில் கொடுத்தாள். "தங்கமான மனுஷங்க" என்று அப்பா இரவுச் சாப்பாட்டில் அம்மாவிடம் சொல்லும்போது அவள் தட்டைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

ஒரே ஒருத்தர் விஷயத்தில் அவளுக்கு அந்த வேலை இல்லை. ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். அழுக்கே ஆகாத கோட்டை வாரம் தவறாமல் கொண்டுவருவார். அம்மாவின் முதுகுவலி எப்படி இருக்கிறது என்று கேட்பார். அதை அப்படியே சொன்னாலே போதும்.

பதினாறு வயதில் கட்டிட உரிமையாளர் வந்து நின்றார். கடையை வேறு ஆளுக்குக் கொடுத்தாயிற்று, மூன்று மாதத்தில் காலி செய்யுங்கள், இந்த ஈரத்துணி நாற்றம் இனி வேண்டாம் என்றார். அப்பா கையைத் துடைத்துக்கொண்டே மகளைப் பார்த்தார்.

"வாடகை ஒப்பந்தத்த அப்புறம் பாத்துக்கலாம்னு சொல்றார்ப்பா."

ராத்திரி சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்தாள். அன்றைக்கு அம்மா முதுகைப் பிடித்துக்கொண்டு படுத்துவிட்டாள். மறுநாள் இவளுக்குப் பரீட்சை. சாக்குக்கா பஞ்சம்? உரிமையாளரிடமிருந்து வந்த இரண்டு கடிதங்களும் புத்தகப் பையின் அடிக்குப் போயின. பக்கத்துத் தெருவில் காலியாக இருந்த ஒரே கடைக்கும் ஆள் வந்துவிட்டது. அப்பாவோ கடைக்கதவுக்குப் புது வர்ணம் அடித்தார்.

ஒரு திங்கட்கிழமை உரிமையாளர் இன்னொருவனோடு வந்தார். வந்தவன் அளவு நாடாவை எடுத்தான். ஏதோ பழுது பார்க்கத்தான் வந்திருக்கிறார்கள் என்று நினைத்து, நாடாவின் மறுமுனையை அப்பாவே ஓடிப்போய்ப் பிடித்துக்கொண்டார். சுவரோடு ஒட்டி, சிரித்த முகமாக நின்றார். அவள் போய் அவர் கையைப் பிடித்தாள்.

"விட்டுடுங்கப்பா. நம்மள காலி பண்ணச் சொல்லிட்டாங்க. மூணு மாசம் முன்னாடியே சொல்லிட்டாங்க. நான்தான் சொல்லல."

நாடா சுருண்டு போய்ச் சேர்ந்தது. அவர்கள் போனதும் அப்பா முக்காலியில் உட்கார்ந்தார்.

"அந்தக் கட்டிடக்காரர் எப்பவுமே நம்மகிட்ட இப்படித்தானா?"

"முதல்லேருந்தே."

அப்பா எழுந்து, கம்பியில் தொங்கிய துணிகள் பக்கம் போனார். டீச்சரின் சட்டையைத் தொட்டார்.

"இவங்க?"

"இவங்களும்தான்."

ஒவ்வொரு துணியாகத் தொட்டுக் கேட்டார். அவளும் ஒன்றையும் மறைக்கவில்லை. மிஷின் பக்கத்தில் அம்மா அப்படியே உட்கார்ந்திருந்தாள். கடைசியில் டிரைவரின் கோட்டு.

"இவர் நிஜமாவே நல்லவர்ப்பா."

அப்பா தலையை மட்டும் ஆட்டினார்.

வெள்ளிக்கிழமை டிரைவர் வந்தார். அட்டைப் பெட்டிகளைப் பார்த்து விஷயத்தைக் கேட்டார். கேட்டுவிட்டு, தன் வீட்டுக் கார் ஷெட் சும்மாதான் கிடக்கிறது, இஸ்திரி மேஜையை அங்கே போட்டுக்கொள்ளுங்கள், வேறு இடம் கிடைக்கிறவரை இருங்கள் என்றார். ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் அப்பாவிடம் சொன்னாள்.

அப்பா கோட்டை அவரிடம் நீட்டினார். வழக்கம்போல நன்றி சொன்னார். பிறகு, அவள் முகத்தைப் பார்க்காமலே கேட்டார்:

"உண்மையில அவர் என்னம்மா சொன்னார்?"