எலி தின்ற மேற்குத் தொடர்ச்சி மலை

என் மனைவி தலைக்குத் தேய்த்துக்கொள்ள வெந்தயம் அரைக்கிற நாளில் எனக்கு வேலை ஓடாது. போன ஞாயிற்றுக்கிழமையும் அப்படித்தான். கசப்பும் வழவழப்புமான அந்த வாசனை கூடம் வரைக்கும் வந்ததும், படித்துக்கொண்டிருந்த பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "கிருஷ்ணா, வடபெண்ணை, பாலாறு, காவேரி" என்று முணுமுணுக்க ஆரம்பித்துவிட்டேன். "இதென்ன புது ஸ்லோகம்?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. ஸ்லோகம் இல்லை. ஏழாம் வகுப்புப் பூகோளம்.

வெந்தயத்துக்கும் பூகோளத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். சொல்கிறேன். கொஞ்சம் சுற்றிக்கொண்டுதான் வருவேன். நேராகப் போய்ச் சேர்வது என் பரம்பரையிலேயே கிடையாது.

மயிலாப்பூரிலிருந்து கடலைப் பார்த்துப் போகிற ஒரு தெருவில் எங்கள் பள்ளிக்கூடம். ஓட்டுக் கட்டடம். 'ஹையர் எலிமெண்டரி' என்று வெளியே பலகை தொங்கியதே தவிர, அதில் இருந்த 'ஹையர்' உள்ளே இல்லை. ஏழோடு சரி. எட்டாம் வகுப்புக்கு அனுமதி கேட்டு எழுதிப் போட்டிருந்தார்கள். இன்ஸ்பெக்டர் வந்து பார்த்துச் சொல்ல வேண்டும்.

எனக்கு அதில் பெரிய கவலை இல்லை. இங்கே எட்டு இல்லாவிட்டால் என் அப்பா வேறு ஏதாவது ஒரு பள்ளிக்கூடத்தில் என்னைத் தள்ளிவிட்டு வந்துவிடுவார். என் பக்கத்து இடத்துக்காரன் தேசப்பனுக்குத்தான் தலை போகிற விஷயம். நொச்சிக்குப்பத்துப் பையன். அப்பா கடலுக்குப் போகிறவர், அம்மா மீன் விற்கிறவள்.

"எங்க நைனா சொல்ட்டாருடா. இங்கியே எட்டு வந்தா படி, இல்லாங்காட்டி மரம் ஏறு, அம்புட்டுதான்" என்றான் ஒரு நாள்.

நான் தென்னைமரத்தை நினைத்துக்கொண்டு, "உனக்கு மரம் ஏறத் தெரியுமாடா?" என்று அக்கறையாகக் கேட்டேன். அவன் கட்டுமரத்தைச் சொல்லியிருக்கிறான். அதற்கு அவன் என்னைப் பார்த்துச் சொன்ன வார்த்தையை இங்கே எழுத முடியாது.

எங்கள் வகுப்பு வாத்தியார் இஞ்ஞாசி சார். சாந்தோம் மாதா கோயிலைச் சேர்ந்த கிறிஸ்தவக் குடும்பம். தாத்தா வாத்தியார், அப்பா வாத்தியார், இவரும் வாத்தியார். வெள்ளை வேட்டி, மூடின கழுத்துக் கோட்டு, கோட்டுப் பையில் எப்போதும் சாக்குக்கட்டித் தூள். இன்ஸ்பெக்டரை அசத்த அவர் போட்ட திட்டம், சென்னை ராஜதானியைக் காகிதக் கூழில் மேடுபள்ளத்தோடு செய்து வைப்பது. மலை மலையாக நிற்கும், ஆறு நீலச் சாயத்தில் ஓடும். உடைந்த கரும்பலகைதான் அடித்தளம். பிரம்பு வைத்துக்கொண்டு விளக்கம் சொல்ல என்னைத் தேர்ந்தெடுத்தார். உரக்கப் பேசுகிறேனாம். பயம் வந்தால் எனக்கு விக்கல் வரும் என்பது அவருக்குத் தெரியாது. நானும் சொல்லிக்கொள்ளவில்லை.

யுத்தம் முடிந்தும் ரேஷன் முடியாத காலம். காகிதம் கிடைப்பது குதிரைக்கொம்பு. வீட்டில் கேட்டால் அம்மா, "ஆத்துல இருக்கிற பேப்பரையெல்லாம் நீ எடுத்துண்டு போயிட்டா அப்பளத்தை எதுல காயப்போடறது?" என்றாள். கடைசியில் இஞ்ஞாசி சார் மனசு வைத்து, பழைய பரீட்சைப் பேப்பர்க் கட்டை அவிழ்த்துக் கொடுத்தார். என் கணக்குப் பேப்பரைத் தேடி எடுத்து அண்டாத் தண்ணீரில் முதலில் முக்கியது நான்தான். சிவப்பு மையில் இருந்த முட்டை கரைந்து போனதைப் பார்க்க அவ்வளவு நிம்மதி. வெந்தயத்தை அரைத்துக் கலந்தோம். கசப்புக்கு எலியும் பூச்சியும் அண்டாது என்றார் சார்.

கிழக்குக் கரை, கிழக்குத் தொடர்ச்சி மலை, சேலம் வரைக்கும் வந்ததும் கூழ் தீர்ந்துவிட்டது. "நாளைக்கு ஆளுக்கு ஒரு சொம்பு கூழ் கொண்டாங்கடா" என்றார். காகிதம் ஊறவைப்பது, அரைப்பது எல்லாம் அவர் முன்னமே சொல்லியாகிவிட்டது. ஆனால் தேசப்பன் அன்றைக்கு, வலை இழுத்துவிட்டு, கடைசி மணிக்குத்தான் வந்தான். அவன் காதில் விழுந்தது கடைசி வாக்கியம் மட்டும்.

மறுநாள் நாங்கள் எல்லோரும் கொண்டு வந்ததைச் சேர்த்தாலும் ஒரு குன்றுக்குக் காணாது. தேசப்பன் மட்டும் தலையில் பெரிய பானையோடு வந்து இறக்கினான். மூடியைத் திறந்தால் கேழ்வரகுக் கூழ். ஓரத்தில் வாழை இலையில் மடித்து, சின்ன வெங்காயமும் சுட்ட கருவாடும்.

"இன்னாடா பாக்கறீங்க? எங்கம்மா வெடிகாலைலயே காச்சிச்சி. கிளாசு பூரா குடிக்கலாம்னுச்சி."

"டேய், இது காகிதக் கூழ் இல்லடா!"

"சாரு கூழுன்னுதானே சொன்னாரு? காயிதத்துல எவன்டா கூழு காச்சுவான்?"

இஞ்ஞாசி சார் குனிந்து பார்த்தார். விரலை விட்டுப் பலகையில் தடவிப் பார்த்தார். "நல்லா ஒட்டுதேடா! நிறமும் அசல் மலை நிறம்!" என்றார். இருந்த கொஞ்சம் காகிதத்தை அதில் பிசைந்து, நீலகிரியிலிருந்து தெற்கே மேற்குத் தொடர்ச்சி மலை முழுக்க எழுப்பிவிட்டோம். வெந்தயம் தீர்ந்து போயிருந்தது. ஒரு ராத்திரிக்கு என்ன வந்துவிடும் என்றார் சார். கருவாட்டை மட்டும் மலையில் சேர்க்கவில்லை. அது எங்கே போயிற்று என்று என் அம்மாவுக்கு இன்றுவரை தெரியாது.

மறுநாள், இன்ஸ்பெக்டர் வருகிற காலையில் கதவைத் திறந்தால், மேற்குத் தொடர்ச்சி மலை இல்லை. பெருச்சாளிகள் தொட்டபெட்டாவைத் துடைத்துவைத்த மாதிரி தின்றுவிட்டு, கோயமுத்தூரையும் நக்கிவிட்டுப் போயிருந்தன. கிழக்குப் பக்கத்தில் ஒரு பல் தடம்கூடக் கிடையாது.

"சேசு மரி சூசை!" என்று இஞ்ஞாசி சார் நெற்றியில் கை வைத்துக்கொண்டார். பிறகு என் தோளைப் பிடித்து, "நீ மேற்குப் பக்கமா நின்னுக்கோ. நகராதே" என்றார். அதாவது நான்தான் இனி மலை. தேசப்பன் காலியான இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

இன்ஸ்பெக்டர் ஜரிகைத் தலைப்பாகையோடு வந்தார். நான் கிழக்கிலிருந்து ஆரம்பித்தேன். கிருஷ்ணா நன்றாகப் போயிற்று. பாலாற்றில் முதல் விக்கல். காவேரிக்கு வந்தபோது உடம்பே தூக்கிப்போட்டது.

"நகருடா அந்தாண்டை" என்றார் இன்ஸ்பெக்டர். நகர்ந்தேன்.

"என்னது, கோயமுத்தூரையே காணோம்? மலை எங்கே?"

வாயைத் திறந்தேன். விக்கல்தான் வந்தது. பின்னாலிருந்து தேசப்பன் குரல் வந்தது. "எலி துன்ட்சி சார்."

"எலியா?"

"மேக்கால கேவுரு கூழு சார். கெயக்கால பூரா கணக்குப் பேப்பரு. அத்த எலிகூடத் தொடல."

இன்ஸ்பெக்டர் மீசையை ஒரு கையால் மூடிக்கொண்டார். அழுகிறாரோ என்று நினைத்தேன். பிறகு என் பக்கம் திரும்பினார். "சரி, மலை போயிடுத்து. அதனால ஊர்ல வேற என்னென்ன போகும்? சொல்லு பார்ப்போம்."

பருவக்காற்று, மழை என்று நெட்டுருப் போட்டதெல்லாம் அந்த நிமிஷம் எலியோடு போய்விட்டது. "எங்காத்துல... விக்... காப்பி இருக்காது சார்."

வகுப்பு சிரித்தது. ஆனால் வாய்ப்பூட்டும் கழன்றது. "தேயிலையும் போயிடும் சார்!" "காவேரி வராது சார்!" "அப்போ தஞ்சாவூர் நெல்லு?" "ரேஷன்ல இன்னும் குறைச்சுடுவான் சார்!" தேசப்பன் எழுந்து நின்றே கத்தினான்: "காத்து நேரா நம்ம மேல வந்து வுழும் சார், மழை இங்கியே கொட்டும், இஸ்கூலு லீவு!" இஞ்ஞாசி சார் ஒவ்வொன்றையும் கரும்பலகையில் எழுதிக்கொண்டே போனார். நாங்கள் அப்படி ஒரு பாடம் அதற்கு முன்னும் படித்ததில்லை, பின்னும் படித்ததில்லை.

கிளம்பும்போது இன்ஸ்பெக்டர் வாசலில் திரும்பினார். "வெந்தயம் போடலையா ஓய்? அடுத்த வருஷம் எட்டாங்கிளாஸ் பசங்களை விட்டுச் செய்யச் சொல்றச்சே போடுங்கோ."

தொலைந்தோம், திட்டிவிட்டுப் போகிறார் என்று நான் இன்னும் பலமாக விக்கினேன். தேசப்பன்தான் என் முதுகில் ஓங்கி அறைந்தான். "எட்டுன்னாருடா! டேய், எட்டுன்னாரு!" விக்கல் அந்த அறையில் நின்றது.

எட்டாம் வகுப்பு வந்தது. தேசப்பன் படித்தான், தேறினான், டிராம் கண்டக்டர் ஆனான். காக்கிக் கோட்டும் தோல் பையுமாக அவன் படியில் தொற்றிக்கொண்டு போகிற நேரத்துக்கு, அவன் அம்மா லஸ் முனையில் மீன்கூடையை இறக்கி வைத்துவிட்டு நிற்பாள். யார் பக்கத்தில் நின்றாலும் சரி, தெரிந்தவர் தெரியாதவர் கிடையாது, கையை நீட்டிக் காட்டுவாள். "அதோ போவுது பாரு, எட்டாங்கிளாசு!"

சில வருஷத்தில் டிராமை நிறுத்திவிட்டார்கள். தண்டவாளத்தின் மேல் தார் போட்டாயிற்று. இப்போது அந்த முனையில் ஓயாமல் பஸ் போகிறது. அதில் பெரிய பெரிய படிப்பெல்லாம் படித்தவர்கள் தொங்கிக்கொண்டு போகிறார்கள். கையை நீட்டிக் காட்டத்தான் ஒருவரும் நிற்பதில்லை.